சந்திர ஓதமும் பூசணிக்காயும்

நிலையத்தின் நடைமுறைக் கையேட்டில் பராமரிப்பு பற்றிய அத்தியாயத்தில் ஒரு விதி இருக்கிறது. டிரான்ஸ்மிட்டரை மாதம் ஒருமுறை, இரண்டாவது செவ்வாய்க்கிழமை அன்று நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். நாளை மாற்றுவதாக இருந்தால் தலைமையகத்தின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி வேண்டும். இவ்வளவுதான். எழுதியவர் யாரோ, நன்றாகவே எழுதியிருக்கிறார். நான் பொறுப்பேற்றபோது கையேட்டின் அந்தப் பக்கம் மட்டும் கைபடாமல் மொடமொடப்பாக இருந்தது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். ரேடாரை எப்படி இயக்குவது என்று சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் பேசப்போவது அது நின்றிருந்த நாட்களைப் பற்றி.

நம் நிலையம் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே, மனைகளாகப் பிரிக்காமல் யாரும் விட்டுவைத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கும் ஒரு பொட்டலில் இருக்கிறது. வேலிக்குள் சில ஆன்டெனாக்கள், ஒரு அலுவலகம், டிரான்ஸ்மிட்டர் நிற்கும் சின்னக் கொட்டகை. வானத்தில் தூசியளவு எரிகற்கள் எந்நேரமும் விழுந்து எரிந்துகொண்டிருக்கின்றன. தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் அவை விட்டுச்செல்லும் கீற்றை அங்குள்ள காற்று இழுத்துச் செல்லும். நாம் ரேடியோ அலை அனுப்பி, அந்தக் கீற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பார்க்கிறோம். அதுதான் அந்த உயரத்துக் காற்று.

அந்தக் காற்றில் அலைகள் உண்டு. பெரிய அலை சூரியனுடையது. வெயில் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் வருவது. நாளுக்கு இரண்டு முறை, கடிகாரம் பார்த்து வேலைக்கு வருகிறவர் மாதிரி ஒரே நேரத்தில் வரும். சின்ன அலை சந்திரனுடையது. கடலை இழுத்து ஓதம் உண்டாக்கும் அதே இழுப்பு காற்றுக்கும் உண்டு. தரையில் அது இருப்பதே தெரியாது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. அலை கொண்டுபோகும் ஆற்றலைச் சுமக்க ஆள் குறைகிறது, ஆகவே ஆட்டம் பெரிதாகிறது. ஆவடியில் கடல் கிடையாது. தலைக்கு மேலே ஓதம் உண்டு. அது நாளுக்கு ஐம்பது நிமிடம் தாமதமாக வரும். அப்படித் தாமதமாகித் தாமதமாகி, இரண்டு வாரத்தில் தன் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். சூரியனையும் சந்திரனையும் பிரித்தறிய அந்தத் தாமதம் ஒன்றுதான் வழி.

எங்கள் நிலையத்தில் அதைப் பிரித்தறியும் வேலை ஜெசிந்தாவுடையது. ஒப்பந்த ஆய்வாளர், கள்ளிக்குப்பத்தில் வீடு, அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி ஆவடியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வருவார். சில ஆண்டுகளின் தரவுகளைத் திரட்டி, சந்திர ஓதம் இங்கே தெளிவாகத் தெரிகிறது என்று ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அவருடைய ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது. முடிவை ஆய்வுக்குழு ஏற்றால் நீட்டிப்பு. ஏற்காவிட்டால் வீடு. இந்தப் பதவிகளுக்கு வயது வரம்பு உண்டென்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஆண்டோடு அவர் அதைத் தாண்டுகிறார். வேறெங்கும் விண்ணப்பம்கூடப் போட முடியாது.

கார்த்திகை மாதத்தில் குழு கூடியது. குழு என்றால் திரையில் மூன்று முகங்கள். ஜெசிந்தா விளக்கி முடித்தார். நடுவில் இருந்த தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. உங்க டேட்டாவுல அங்கங்க ஒரு நாள் காணாமப் போகுது. பராமரிப்புன்னு போட்டிருக்கு. ஆனா அது ஒரு மாசம் பத்தாம் தேதி, இன்னொரு மாசம் இருபத்தெட்டாம் தேதின்னு நகர்ந்துகிட்டே இருக்கே, ஏன்?"

நான் கையேட்டின் அந்த விதியை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். புரொஜெக்டர் வயரைச் சரிசெய்ய வந்து கதவோரம் நின்றிருந்த தயாளன், கேள்வி தனக்குத்தான் என்று நினைத்துவிட்டார்.

"அமாவாசை சார்," என்றார்.

தயாளன் எங்கள் தலைமை மெக்கானிக். ஆவடியை ஒட்டிய கோவில்பதாகைக்காரர். இளம் வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அங்கே பட்டறைகளில் அமாவாசை என்றால் மெஷினை நிறுத்துவார்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். நிலையத்துக்கு வந்தபோது அந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார். மாதம் ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், அமாவாசையும் மாதம் ஒருமுறை வருகிறது. எனக்கு முன்னால் இருந்த பொறுப்பதிகாரிக்கு இதில் பிழை தெரியவில்லை. நான் வந்தபின் அது தொடர்ந்தது. தொடர்வதை நிறுத்தாமல் இருப்பதே பொறுப்பதிகாரிகளின் பெரும்பாலான வேலை.

தலைவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

"அதாவது, மாசாமாசம் அமாவாசைக்கு மெஷினை நிறுத்தறீங்க. தூசி தட்டறீங்க. மறுநாள் மெஷின் ஜோரா ஓடும், நிறைய கீற்று பிடிக்கும். தூசி சேரச் சேர, அடுத்த அமாவாசைக்குள்ள குறையும். சரிதானா?"

"சரி சார்," என்றார் ஜெசிந்தா. அவர் குரல் இறங்கிவிட்டது. அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அவருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

"அப்ப உங்க மெஷினே சந்திரன் கணக்குல ஏறி இறங்குது. சூரிய அலையை இந்த மெஷின்ல அளந்தாலே அதுல சந்திரன் மாதிரி ஒண்ணு தெரியுமே. நீங்க கண்டுபிடிச்சது சந்திரனா, பூசணிக்காயான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. நான் கேட்ட ஆய்வுக்குழுக் கேள்விகளில் ஆக நியாயமானது. அமாவாசையில் நிறுத்தாமல் ஓட்டிய தரவோடு மாசியில் வாருங்கள், அதிலும் ஓதம் தெரிந்தால் ஏற்கிறோம் என்று முடித்துக்கொண்டார்கள். இடையில் இருந்தவை மார்கழி அமாவாசையும் தை அமாவாசையும்.

உங்களுக்கு என்னால் சொல்ல முடிந்த பாடம் ஒன்று இங்கே இருக்கிறது, கதை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். கருவி என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அது எப்போது வாய்மூடி இருந்தது, யார் மூடினார்கள் என்று பாருங்கள். காலியாக விட்ட நாட்களுக்கும் ஓர் ஒழுங்கு இருக்கும். அந்த ஒழுங்கு உங்கள் முடிவுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

திரை அணைந்ததும் தயாளன் கேட்டார். "நா எதுனா தப்பா சொல்லிட்டனா சார்?"

"உண்மையைச் சொல்லிட்டீங்க."

"அதான் கேக்கறேன்."

ஜெசிந்தா அவரைக் கோபிக்கவில்லை. "அண்ணே, ரெண்டு அமாவாசை மெஷினை நிறுத்தாம இருக்கணும். அவ்ளோதான்."

"பூஜை?"

"பூஜை பண்ணுங்க. மெஷின் பாட்டுக்கு ஓடட்டும்."

"ஓடற மெஷினுக்குக் கற்பூரம் காட்டி நா பாத்ததில்லம்மா. ஒருவாட்டி பட்டறையில மொதலாளி ஆர்டர் அவசரம்னு நிறுத்தாம ஓட்டுனாரு. பெல்ட் அறுந்து பக்கத்துல நின்னவன் பல்லு போச்சு."

"இங்க பெல்ட்டே கிடையாதே அண்ணே."

தயாளன் கொட்டகைப் பக்கம் பார்த்தார். "பல்லு கீதே," என்றார்.

அவர் சம்மதிக்க ஒரு வாரம் ஆனது. சாமிக்கு முன்னால் மெஷினை நிறுத்த வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை, அது தொழிலாளர் பாதுகாப்புக்காக வந்த பழக்கமாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லிப்பார்த்தேன். எனக்கு அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அவர் அதைக் கேட்டுக்கொண்டு, "ரூலுன்னா நீங்க பொய் சொல்ல மாட்டீங்க சார்," என்றார். நான் மறுக்கவில்லை.

இனி நிர்வாகம். இரண்டாம் செவ்வாய் முறைக்குத் திரும்புகிறோம், அமாவாசையில் நிறுத்தாமல் இயக்குகிறோம் என்று தலைமையகத்துக்குத் தெரிவித்தேன். ஒரு மரியாதைக்காகத்தான். மறுநாள் அங்கிருந்து பிரிவு அலுவலர் தொலைபேசியில் வந்தார்.

"சார், செவ்வாய்க்கிழமைதானே ஏற்கெனவே விதி? அதுக்கு ஏன் எழுதியிருக்கீங்க?"

"விதியைப் பின்பற்றப் போறோம்னு."

"இதுவரை பின்பற்றலையா?"

"இல்லை."

"எப்பலேர்ந்து?"

"எனக்கு முன்னாடிலேர்ந்து."

காகிதம் புரளும் ஓசை கேட்டது. "அப்ப அது நிலைபெற்ற நடைமுறை ஆயிடுச்சு சார். மாத்தணும்னா முன் அனுமதி வேணும். கோரிக்கையா மாத்தி அனுப்புங்க."

விதியின்படி நடக்க அனுமதி கேட்டு ஒரு கோரிக்கை அனுப்பினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதியவற்றில் அதைத்தான் மிகவும் கவனமாக எழுதினேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விதியை மீறுவதற்குத்தான் முன் அனுமதி வேண்டும், கடைப்பிடிப்பதற்கு வேண்டாம் என்பது என் வாசிப்பு. தவறாக இருந்தால் அந்தத் தவறு என் பெயரில் இருக்கும். அதற்குத்தான் பொறுப்பதிகாரி என்று பெயர்.

மார்கழி அமாவாசை வந்தது, போனது. தயாளன் கொட்டகைக்கு வெளியே நின்று கற்பூரம் காட்டினார். உள்ளே டிரான்ஸ்மிட்டர் வழக்கமான ரீங்காரத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. பூசணிக்காயை மட்டும் அன்று சற்று ஓங்கி உடைத்தார்.

தை மாதத்தில் சிக்கல் வந்தது. அந்த ஆண்டு இரண்டாவது செவ்வாய்க்கிழமை பொங்கலில் விழுந்தது. பொங்கலுக்கு நிலையத்தில் காவலாளியைத் தவிர யாரும் கிடையாது. விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது என்று கையேடு சொல்லவில்லை. எழுதியவர் வெளியூர்க்காரராக இருக்கலாம். பழைய முறைப்படி அமாவாசையன்று சுத்தம் செய்யவும் வழியில்லை. வேறொரு நாள் செய்துவிடலாம் என்று நான் சொன்னேன். அதற்குள் வடதுருவத்துக்கு மேலே வளிமண்டலம் திடீரென்று சூடாகத் தொடங்கியது. சில குளிர்காலங்களில் அப்படி நடக்கும். நடந்தால் நம் தலைக்கு மேலே சந்திர ஓதம் பருக்கும். ஏன் என்பதை உங்களுக்கு வகுப்பில் சொல்வார்கள். ஜெசிந்தாவுக்கு இதைவிட நல்ல மாதம் கிடைக்காது. ஒரு மணி நேரம்கூட நிறுத்தாமல் ஓட்டினோம். போகிப் புகை, பூந்தமல்லி சாலையில் தோண்டிப் போட்டிருந்த மண், எல்லாம் கொட்டகைச் சுவரில் இருந்த காற்று வடிகட்டியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தன.

தை அமாவாசையன்று மதியச் சாப்பாட்டின்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. டிரான்ஸ்மிட்டர் சூடேறுகிறது என்று பொருள். மஞ்சளில் என்ன செய்வது என்பது பொறுப்பதிகாரியின் முடிவு. சிவப்பானால் அது தானாகவே நின்றுவிடும். நின்றால் தலைமையகத்தைக் கேட்காமல் திரும்ப இயக்கக் கூடாது. அதாவது இந்த மாதத் தரவிலும், சரியாக அமாவாசையில், ஓர் ஓட்டை விழும். தானாக நிற்கத் தவறிச் சூட்டில் எரிந்துபோனால், அப்புறம் ரேடாரே இல்லை.

நாங்கள் மூவரும் கொட்டகை வாசலில் நின்றோம். ஜெசிந்தா முதலில் பேசினார்.

"நிறுத்திடுங்க சார்."

நான் அவரைப் பார்த்தேன்.

"எரிஞ்சுட்டா எனக்கு அப்புறம் வர்றவங்களுக்கும் எதுவும் இல்ல. நிறுத்திடுங்க. மாசியில நான் பேசிக்கறேன்."

மாசியில் பேச அவரிடம் எதுவும் இருக்காது என்பது மூவருக்கும் தெரியும். அவர் டிபன் பாக்ஸ் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

எதிர்ப்பு வந்தது தயாளனிடமிருந்து. "இன்னாம்மா பேசற? அதெல்லாம் நிறுத்தக் கூடாது. இன்னிக்கு நின்னுச்சுன்னா அந்தக் கண்ணாடிக்காரர் இன்னா சொல்வாரு? பூசணிக்கா ஜெயிச்சுடுச்சும்பாரு. அப்புறம் நா எந்த மூஞ்ச வச்சுகினு பூசணிக்கா வாங்க மார்க்கெட்டுக்குப் போவேன்?"

"அண்ணே, நீங்கதானே நிறுத்தணும்னு ஒரு வாரம் சண்ட போட்டீங்க?"

"அது சாமிக்கு. இது அந்தாளுக்கு."

இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் ஓடு, நில் என்ற இரண்டைப் பற்றியே வாதிடுவார்கள். விளக்கு மஞ்சளாக இருக்கும் வரை மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று தேடச் சிறிது நேரம் இருக்கிறது என்று பொருள். நான் டிரான்ஸ்மிட்டரின் திறனைப் பாதியாகக் குறைத்தேன். பாதித் திறனில் குறைவான கீற்றுகள்தான் கிடைக்கும். ஆனால் காற்றின் திசையும் வேகமும் கிடைக்கும். அரைகுறைத் தரவைக் குழுவிடம் காட்டி விளக்கலாம். இல்லாத தரவை விளக்க முடியாது என்று கார்த்திகையில் பார்த்துவிட்டோம்.

வெப்பம் ஏறுவது நின்றது. இறங்கவில்லை. வடிகட்டியைக் கழற்றித் தட்ட வேண்டும். இயங்கும்போது டிரான்ஸ்மிட்டர் பெட்டியைத் திறக்கக் கூடாது என்கிறது கையேடு. வடிகட்டி பெட்டியில் இல்லை, கொட்டகையின் வெளிச்சுவரில் இருக்கிறது. ஆகவே தடையில்லை என்று தீர்மானித்தேன். ஆனால் அதைக் கழற்றினால் வெளித்தூசி நேராக உள்ளே போகும். கழற்றி, தட்டி, மாட்டும் வரை அந்தத் துவாரத்தின் வாயில் எதையாவது கட்ட வேண்டும்.

தயாளன் தோளில் பூஜைக்கென்று வாங்கிய புதுத் துண்டு இருந்தது. மடிப்புக் கலையாதது. ஜெசிந்தா கை நீட்டினார்.

"அந்தத் துண்டக் குடுங்கண்ணே."

"ஏய், அது சாமிக்கு எடுத்தாந்தது."

"சாமிக்குக் காத்து வேணாமா?"

"உங்க சர்ச்சுல இப்படித்தான் பேசுவீங்களா?"

"அங்க ஏசி போட்டுட்டாங்கண்ணே."

தயாளன் துண்டை உதறிக் கொடுத்தார். இருவரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, வடிகட்டியைக் கழற்றிய துவாரத்தின் மேல் இழுத்து நின்றார்கள். காற்று துண்டை உள்வாங்கிப் பிடித்துக்கொண்டது. நான் வடிகட்டியை வேலியோரம் கொண்டுபோய்த் தட்டினேன். அதிலிருந்து விழுந்ததைப் பார்த்தபோது, பூந்தமல்லி சாலை வேலை ஏன் முடியவில்லை என்று புரிந்தது. மண்ணில் பாதி எங்களிடம் இருந்தது.

மாட்டியபின் விளக்கு பச்சைக்குத் திரும்ப நேரம் பிடித்தது. திரும்பியது. திறனை முழுதாக ஏற்றினேன். துண்டு நடுவில் வட்டமாகக் கறுத்திருந்தது. தயாளன் அதைப் பார்த்துவிட்டு, அதையே தோளில் போட்டுக்கொண்டு பூஜைக்குப் போனார்.

மாசியில் அதே மூன்று முகங்கள். ஜெசிந்தா முதலில் எதைச் சொன்னார் தெரியுமா? தை அமாவாசையன்று எப்போதிலிருந்து எப்போது வரை பாதித் திறனில் ஓட்டினோம், ஏன் என்பதை. கேட்கும் வரை காத்திருக்கவில்லை. அப்புறம் முடிவு. சந்திர ஓதம் இருந்தது. பழைய கணக்கில் அவர் காட்டியதைவிட இளைத்திருந்தது. பூசணிக்காயின் பங்கு உண்மையாகவே அதில் இருந்திருக்கிறது. அதைக் கழித்தபின் மிஞ்சியது, நாளுக்கு நாள் தாமதமாகி வரும் சந்திரனின் அலைதான். துருவம் சூடான வாரங்களில் அது பருத்ததும் தெரிந்தது.

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தார். "பெரிசு பண்ணிக் காட்டலையே நீங்க," என்றார் கடைசியில். அவர் அகராதியில் அது பாராட்டு. நீட்டிப்புக்குப் பரிந்துரைக்கிறோம், ஆணை தலைமையகத்திலிருந்து வரும் என்றார்கள்.

ஆணை வரவில்லை. பங்குனி முடிந்தது, ஜெசிந்தாவின் அடையாள அட்டை காலாவதியானது. வாசலில் காவலாளி அவரை நிறுத்தினார். பரிந்துரைக்கப்பட்டு ஆணை வராத ஆய்வாளரை என்ன செய்வது என்று கையேட்டில் இல்லை. பார்வையாளர்களைப் பொறுப்பதிகாரி தன் பொறுப்பில் அனுமதிக்கலாம் என்று இருந்தது. ஒரே நபர் எத்தனை முறை பார்வையாளராக வரலாம் என்று வரம்பு இல்லை. அன்றிலிருந்து அவர் தினமும் பார்வையாளர். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் காவலாளி முதல் நாள் என்ன எழுதுவது என்று கேட்டார். சந்திரனைப் பார்க்க என்று எழுதச் சொன்னேன். பகல் பத்து மணிக்கு அதை எழுதிக்கொள்ள அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. நிலையத்தில் அவரும் பல காலம் இருந்தவர்.

சித்திரை போனது, வைகாசி போனது, ஆனியும் போனது. தலைமையகத்தைக் கூப்பிட்டால் கோப்பு நகர்கிறது என்றார்கள். ஜெசிந்தா ஒருநாள், வீட்டில் வேறு வேலை பார்க்கச் சொல்கிறார்கள், இந்த மாதம் வரை பார்த்துவிட்டு நின்றுவிடுகிறேன் என்றார். சரி என்று மட்டும் சொன்னேன். வேறு சொல்ல என்னிடம் விதி எதுவும் மிச்சமில்லை.

அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் பதில் வந்தது. மின்னஞ்சலில் வந்ததை அச்செடுத்து மேசையில் வைத்தேன். கார்த்திகைக் கோரிக்கைக்கும் மாசிப் பரிந்துரைக்கும் சேர்த்து ஒரே பதில், காகிதம் மிச்சம். இரண்டு பத்திகள். முதல் பத்தி: அமாவாசை நாட்களில் டிரான்ஸ்மிட்டரை நிறுத்தாமல் இயக்குவதற்குக் கோரப்பட்ட அனுமதி மறுக்கப்படுகிறது. இரண்டாம் பத்தி: அமாவாசை நாட்களிலும் நிறுத்தாமல் இயக்கிப் பெறப்பட்ட தரவின் சிறப்பைக் கருத்தில் கொண்டு, ஒப்பந்த ஆய்வாளரின் பணிக்காலம் முன்தேதியிட்டு நீட்டிக்கப்படுகிறது. கீழே ஒரே கையெழுத்து.

ஜெசிந்தா இரண்டாம் பத்தியை மட்டும் படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார். பிறகு வெளியே போய் ஆன்டெனாக்களின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். தயாளன் கையில் பூசணிக்காயோடு உள்ளே வந்தார்.

"இன்னா சார் சொல்றாங்க? நிறுத்தச் சொல்றாங்களா, ஓட்டச் சொல்றாங்களா?"

"ரெண்டும்."

"அப்ப?"

"ஓடட்டும்."

வரவு முத்திரையை எடுத்துக் கடிதத்தின் தலையில் குத்தினேன். மை சரியாக விழவில்லை. இன்று என்ன தேதி என்று கேட்டேன்.

"ஆடி அமாவாசை சார்," என்றார் தயாளன்.